உன் சைக்கிளின் காற்றை இறக்கிவிட்டது நான்தான்

பாப்பா,

ஒரு மாதத்துக்கு முன் நீ கேட்ட கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் எழுதுகிறேன். போனில் அன்றைக்கே பதில் சொன்னாயே என்பாய். சொன்னேன்தான், ஆனால் அது என் பயம் சொன்ன பதில். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வீடியோவில் வந்து, "எம்மா, சைக்கிள வித்துடட்டா?" என்று கேட்டாய். நான் மூச்சுகூட விடவில்லை. "வித்துடு கண்ணு. மொதல்ல அத வித்துட்டு மறுவேல பாரு. பஸ்ல போ" என்றேன். நீ "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். போனை வைத்த பிறகுதான் அந்த "சரிம்மா" என்னை உறுத்த ஆரம்பித்தது. அதே குரலில் அதே சொல்லை இதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அப்போது உனக்குப் பதினாறு வயது.

எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு, வெளிநாட்டில் படிக்கும் மகளுக்கு ஒரு அம்மா சொல்லும் அறிவுரை என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார் தலைமையாசிரியர். இந்தப் பள்ளியில் படித்த பெண் விமானம் ஏறி நெதர்லாந்துவரைக்கும் போயிருக்கிறாள் என்று அவருக்கு ஒரே பெருமை. இன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை, மதியம் சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். அறிவுரை வரவில்லை, வாக்குமூலம்தான் வருகிறது. என் வகுப்புப் பிள்ளைகளும் படிக்கட்டும், பரவாயில்லை. மலர் அச்சாகி வரப் பங்குனி ஆகிவிடும். உனக்கு அவ்வளவு நாள் இல்லை என்பதால், எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் நிறைய இருக்கிறது. நீ போன நாளிலிருந்து க்ரோனிங்கன் எனக்கும் சொந்த ஊராகிவிட்டது. காலையில் எழுந்ததும் போனில் உன் ஊர் வானிலையைத்தான் பார்க்கிறேன். அங்கே மழை என்று போட்டிருந்தால் இங்கே வெயிலில் துணி காயப்போட யோசிக்கிறேன், உன் நைனா சிரிக்கிறார். உன் விடுதியிலிருந்து கல்லூரிவரைக்கும் வரைபடத்தில் விரலாலேயே நடந்து பார்த்துவிட்டேன். இரண்டு கால்வாய், ஒரு தூக்குப்பாலம், திருப்பத்தில் ஒரு ரொட்டிக் கடை. மூன்றாவது வாரம் நீ வாயைத் திறக்கும் முன்பே அந்தக் கடைக்காரர் உன் ரொட்டியை எடுத்து நீட்டினார் என்றாயே, அன்றைக்குக் கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு அதை வகுப்பில் சொன்னேன். முகம் தெரிந்த கடை ஒன்று கிடைத்துவிட்டால் அப்புறம் அந்த ஊர் அந்நியமில்லை. அங்கே எல்லோரும் பிறந்தநாள் காலண்டரைக் கழிப்பறையில் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னாய். உன் நைனா அதை ஒடுகத்தூர் சந்தையில் புளி மூட்டை இறக்கும் இடம்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். "கில்லாடிங்கப்பா அவங்க! மறக்கவே முடியாதில்ல, தெனம் போய்த்தான ஆவணும்!" என்று சொல்லிச் சொல்லி வண்டியின் ஸ்டியரிங்கைத் தட்டுகிறார்.

முதல் வாரம் நீ வழி தெரியாமல் நின்றதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. "எம்மா, இங்க ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல. மேல போவணுமா கீழ போவணுமான்னு கேட்டா என்ன ஒரு மாதிரி பாக்கறாங்க" என்றாய். நம் மலையில் எல்லாமே மேலே கீழேதான். பள்ளிக்கூடம் மேலே, ரேஷன் கடை கீழே, மாமா வீடு மேலே. இதை உன்னிடம் சொன்னதில்லை, திருப்பத்தூரில் கல்லூரியில் சேரப் போன அன்றைக்கு நானும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு பழக்கடைக்காரரிடம், "காலேஜ் மேலயாங்க, கீழயாங்க?" என்று கேட்டவள்தான். அவர் ஒரு வாழைத்தாரைத் திருப்பி வைத்துக்கொண்டே, "மாடில கீது, ஏணி வெச்சி ஏறிப் போம்மா" என்றார். விடுதியில் அந்தக் கதை தெரிந்து மூன்று மாதம் என்னை 'ஏணி' என்றே கூப்பிட்டார்கள். கோபித்துக்கொண்டு அறையிலேயே கிடந்தேன். அவர்களோடு சேர்ந்து சிரித்திருந்தால் மூன்று நாளில் முடிந்திருக்கும். நீ கெட்டிக்காரி. இரண்டு வாரத்தில் நீயே ஒரு விடை கண்டுபிடித்தாய். "இங்க காத்துதாம்மா ஏத்தம். எதிர்க்காத்துன்னா மேல ஏற்றோம், பின்காத்துன்னா கீழ எறங்கறோம்" என்று சொன்னபோது நான் அடுப்பங்கரையில் குதித்தேன். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற ஊரில் என் பெண் தனக்கென்று ஒரு மலையைக் கண்டுபிடித்துக்கொண்டாள்!

அந்த மலையை நீ கண்டுபிடித்தது சைக்கிள் மேல் உட்கார்ந்துதான். இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பக்கத்து அறை ஹன்னா உனக்கு ஒரு பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்துக் கொடுத்து, விடுதிக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் பின்னாலேயே ஓடி வந்து கற்றுக்கொடுத்தாள். நாலு வயதுக் குழந்தைகள் உன்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தன என்று சொல்லிச் சிரித்தாய். பன்னிரண்டாவது நாள் தனியாகக் கால்வாய் ஓரம் போனாய். உன் குரலைக் கேட்க வேண்டுமே, பொதுத்தேர்வு மதிப்பெண் வந்த அன்றைக்குக்கூட நீ அப்படிக் கத்தவில்லை. அப்புறம் அந்த விழுதல். நம் பையன்கள் ஆலங்காயம் இறக்கத்தில் போகும்போது காலைச் சும்மா விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக் 'கிர்ர்ர்' என்று சத்தம் காட்டுவார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. பின்காற்றில் வண்டி தானாகப் போகிறது என்ற குஷியில் நீயும் பெடலைப் பின்னால் சுற்றினாய். அந்த ஊர்ப் பழைய சைக்கிளில் அதுதான் பிரேக்காம். மலைக்காரியைத் தவிர வேறு யாரும் அப்படி விழ முடியாது. மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று. போன வாரம் கட்டும் பிரித்தாகிவிட்டது. ஆனால் சைக்கிள் பூட்டியே நிற்கிறது. விற்க விளம்பரம் ஒட்டியும் யாரும் வரவில்லை என்கிறாய்.

சைக்கிளோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். போன வாரம் போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "ஏப்ரல்ல ஒரு களப் பாடம்மா, பத்து பேரு சைக்கிள்லயே கடலோரமா சுத்தி, மதகு மதகா போயி தண்ணிய அளக்கணும். நான் அத எடுக்கல. லேப்ல வேற ஒண்ணு கீது, அது போதும்." பெயர் கொடுக்க வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பதையும் நீயேதான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. ஆறாம் வகுப்பில் எவர்சில்வர் டம்ளரைக் கூரை மேல் வைத்து மழையை அளந்தவள் நீ. "இம்மாம் மழ பெய்யுதே, தையிலேயே கெணறு ஏம்மா காய்து?" என்று கேட்டாய், எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, அங்கே போகவே மாட்டேன் என்கிறது, இரண்டையும் தெரிந்துகொண்டு வருகிறேன் என்று சொல்லித்தானே கடல் தாண்டினாய்? இப்போது அந்தத் தண்ணீர்ப் பக்கமே போகாமல் அறைக்குள் உட்கார்ந்து படிக்கப் போகிறாய், நான் "பஸ்ல போ" என்று சொன்னதால்.

இப்போது வாக்குமூலம். பதினொன்றாம் வகுப்பில் உனக்கு அரசாங்கச் சைக்கிள் கொடுத்தார்கள். ஹேண்டில்பாரில் பட்டு நூல் சுற்றி, உன் பெயரைப் பச்சை ஸ்டிக்கரில் ஒட்டி, வாசலில் நிறுத்தியிருந்தாய். மறுநாள் காலை முன் சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. டியூபில் அடித்த காற்று வெளியே போகாமல் பிடித்துக்கொள்ளும் சின்ன ரப்பர் குழாய், வால்டியூப், அதைக் காணோம். நீ கீழே பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் புதிதாகப் போட்டு வந்தாய். நாலு நாளில் மறுபடி காணோம். மூன்றாவது தடவையும் காணாமல் போனதும் நீ அலுத்துவிட்டாய். "இன்னாத்துக்கு இந்தச் சனியன்? நடந்தே போய்க்கலாம் பாப்பா" என்று நான் சொன்னேன். "சரிம்மா" என்றாய். அதுதான் அந்தக் குரல். சைக்கிளைப் புளி மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துப் பூட்டினோம். சாவி என்னிடம் இருந்தது.

வால்டியூபைக் கழற்றியது நான்தான். நீ குளிக்கப் போன நேரம் பார்த்துக் கழற்றித் தையல் மெஷின் டிராயரில் போட்டேன். இதைவிட மோசம் இன்னொன்று இருக்கிறது. "யாரும்மா இப்டி பண்றாங்க?" என்று நீ அழுதபோது, "எதிர்வூட்டு மல்லிகாவா இருக்கும். அவளுக்கு இன்னும் சைக்கிள் குடுக்கலயில்ல, பொறாம" என்றேன். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த சிநேகிதி. அவளோடு நீ பேசுவதையே விட்டாய். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

காரணம் என்று சொன்னால் உன் மாமாதான். உன் மாமா, என் தம்பி, பதினேழு வயதில் ஆலங்காயம் இறக்கத்து மூன்றாவது வளைவில் சைக்கிளோடு விழுந்தான். முழங்காலில் எலும்பு தெரிந்தது. அவனைத் தூக்கி வந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. நீ அப்போது என் வயிற்றில் ஆறு மாதம். அதற்குப் பிறகு சைக்கிள் என்றால் எனக்கு அந்தக் கால்தான் ஞாபகம். கல்லூரி இரண்டாம் வருடம் கல்யாணம், மூன்றாம் வருடப் பரீட்சையில் நீ வயிற்றில். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம் பாப்பா. நீ வளர்ந்தபோது நானும் பாதி வளர்ந்துகொண்டுதான் இருந்தேன். தெரியாததையெல்லாம் பூட்டி வைப்பதுதான் பிள்ளை வளர்ப்பு என்று நினைத்தேன். இந்த மாதம் இதை மாமாவிடம் சொன்னபோது அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "யக்கா, நான் வுழுந்து எட்டாம் மாசம் மறுபடி ஏறிட்டேனே! முட்டிதான் மடங்கல, மிதிக்கறதுக்கு இன்னா கொற? போன வாரங்கூட உன் வூட்டுக்குச் சைக்கிள்லதான வந்தேன்?" என்றான். நிஜம்தான். இத்தனை வருடமாக வாரம் தவறாமல் சைக்கிளில் வந்து என் வாசலில் இறங்குகிறவன் அவன். விழுந்ததை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டேன். ஏறியது என் கண்ணில் படவே இல்லை.

போன மாதம் போனில் நீ "சரிம்மா" சொன்ன அந்த வாரமே மூட்டைகளை நகர்த்திச் சைக்கிளை வெளியே எடுத்தேன். உன் நைனா சங்கிலிக்கு எண்ணெய் விட்டார், இரண்டு டயரும் மாற்றினார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாமே, வால்டியூப்ப யாரோ கையால கயட்டினா மாதிரி கீது?" என்றார். சொன்னேன். "ஆறு வருசமா தரமில்லாத சைக்கிளு, தரமில்லாத சைக்கிளுன்னு அரசாங்கத்தத் திட்டிக்கினு கெடந்தனே நான்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "எதுக்குமே இப்ப இத எடுக்கற?" என்று கேட்டார். "நான் ஓட்டப் போறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சீட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார்.

கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? மல்லிகா. இப்போது எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறாள், நெதர்லாந்து போகும் முன் நீ ஊருக்கு வந்தபோதுகூட அவளைப் பார்க்காமல் போய்விட்டாய். பள்ளி விட்ட பிறகு மைதானத்தில் நான் சைக்கிளோடு தடுமாறுவதைப் பார்த்துவிட்டு அவளாகவே வந்து பின்னால் கேரியரைப் பிடித்தாள். "டீச்சர், சேல சங்கிலில மாட்டும், தூக்கிச் சொருகுங்க. தரையப் பாக்காதீங்க, எதுர்ல பாருங்க. ஐயோ, என்ன எதுக்கு திரும்பிப் பாக்கறீங்க!" பள்ளி விடுதிப் பிள்ளைகள் எல்லாம் வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, "வுழப்போறாங்க வுழப்போறாங்க… வுழுந்துட்டாங்கடீ!" என்று கை தட்டினார்கள். மறுநாளிலிருந்து உன் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன். முட்டியில் தோல் போயிற்று, முழங்கை சிராய்த்தது. ஒரு கருவேப்பிலைச் செடியின் ஆயுளும் முடிந்தது.

ஐந்தாவது நாள் என்னால் தாங்க முடியவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கேரியரை விடாமல் அப்படியே நின்றாள். பள்ளியில் டீச்சர் என்பவள், சின்ன வயதில் கூப்பிட்டதுபோல் கூப்பிட்டாள். "அத்த, எத்தினி தடவ எடுத்தீங்க?" "ரெண்டு தடவ." "அவ மூணுன்னு சொல்லி என்னத் திட்னா." "மூணாவது எப்படிப் போச்சுன்னு எனக்கும் தெரில மல்லி. சாமியே எடுத்துடுச்சுன்னு நெனச்சேன்." அவள் உதட்டைக் கடித்தாள். "சாமி இல்ல, நான்தான். சும்மாவே பழி போட்டுட்டாளே, போட்டது போட்டதா இருக்கட்டும்னு ஒரு தடவ நெசமாவே எடுத்தேன்." அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் கொடிக்கம்பத்தடியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில், வராண்டாவில் இருந்த பிள்ளைகள் பயந்துபோய் எழுந்து வந்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இது: "அவகிட்ட சொல்லிடுங்க அத்த. ரெண்டு உங்களுது, ஒண்ணு என்னுது. பேசறதானா பேசச் சொல்லுங்க." அவள் நம்பரை இந்தக் கடிதத்தோடு தனியாக அனுப்புகிறேன். நீயே முதலில் கூப்பிடு. நீ கோபித்துக்கொள்ள வேண்டிய ஆள் அவள் இல்லை.

ஒரு மாதம் ஏன் தாமதம் என்று இப்போது புரிந்திருக்கும். ஓட்டத் தெரியாமல் உனக்கு "ஓட்டு" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நேற்று சாயங்காலம் கொடிக்கம்பத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை போய், திரும்பி, மறுபடி கொடிக்கம்பம் வந்து சேர்ந்த பிறகுதான் மல்லிகா கேரியரை எப்போதோ விட்டுவிட்டாள் என்று தெரிந்தது. பாப்பா, காதோரம் காற்று அப்படிச் சத்தம் போடும் என்று யாருமே என்னிடம் சொன்னதில்லையே! இதைத்தானே உனக்குப் பதினாறு வயதில் கிடைக்கவிடாமல் டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன் என்று நினைத்தபோது, சந்தோஷத்தோடு சேர்ந்து அழுகையும் வந்தது. மன்னிப்பாயா என்று கேட்கமாட்டேன், அதற்கு நீ உடனே "சரிம்மா" என்று சொல்லிவிடுவாய். திட்டு. நன்றாகத் திட்டு, வீடியோவிலேயே திட்டு. நான் போனை வைக்காமல் கேட்கிறேன்.

அறிவுரை என்று தலைமையாசிரியர் கேட்டதற்காக ஒன்றே ஒன்று எழுதுகிறேன். பயமாக இருந்தால் என்னிடம் சொல், எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் சொல். ஆனால் என்னிடம் அனுமதி மட்டும் கேட்காதே. கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது யோசித்துச் சொல்வதில்லை, தும்மல் மாதிரி தானாக வருவது. இன்றைக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்துவிட்டதால் நாளைக்கு எனக்குப் பயம் போய்விடும் என்று நம்பிவிடாதே. கடலோரம் நீ போகிற அந்த நாட்களில் நான் இங்கே பத்து முறை உன் போனுக்கு அடிப்பேன். எடுக்காதே. சாயங்காலம் தண்ணீரை எவ்வளவு அளந்தாய் என்று மட்டும் சொல், கிணறு ஏன் காய்கிறது என்று நான் உன்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தப் பழைய வால்டியூப் இரண்டையும் இந்தப் பக்கத்தின் கீழே டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், படத்தில் தெரியும். காய்ந்து வெடித்துவிட்டன, இனி ஒரு சைக்கிளுக்கும் ஆகாது. உன் சைக்கிளை விற்காதே. அந்த விளம்பரத்தைப் போய்க் கிழித்துவிடு. வெள்ளிக்கிழமை பெயர் கொடுக்கப் போகும்போது பஸ்ஸில் போகாதே. உன் ஊர் வானிலையை இப்போதுதான் மறுபடி பார்த்தேன். வெள்ளிக்கிழமை மழை இல்லை, காற்று மேற்கிலிருந்தாம். வரைபடத்தில் விரலை வைத்தும் பார்த்துவிட்டேன், உன் விடுதியிலிருந்து கல்லூரிவரைக்கும் உனக்குப் பின்காற்றுதான், முழுக்க இறக்கம். பெடலை மட்டும் பின்னால் சுற்றாதே.

உன் அம்மா